தங்கவயலில் ஒரு ஜாடி ஒயின்

நவம்பர் மாதக் கடைசி. கோலார் தங்கவயலில் விடியற்காலைப் பனி இறங்கிக்கொண்டிருக்கும் நேரம். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று லைன் வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்குகிறது. அடுப்பில் டீ கொதிக்கிறது. டிபன் டப்பாவில் சோறு அடைபடுகிறது. இந்த அவசரத்திலும் சில வீடுகளில் இன்னொரு வேலை பாக்கி இருக்கும்.

சமையல்கட்டு மூலையில் சாக்கு சுற்றி ஒரு பீங்கான் ஜாடி வைத்திருப்பார்கள். அதன் வாய்த்துணியை அவிழ்த்து, காய்ந்த மரக்கரண்டியால் நாலு சுற்று சுற்றிவிட்டு, மறுபடியும் துணியைக் கட்ட வேண்டும். அந்த அரை நிமிடத்தில் கறுப்புத் திராட்சை புளித்த வாசனை வீடு முழுவதும் பரவும். குழந்தைகள் போர்வைக்குள் இருந்தபடியே கிறிஸ்துமஸ் வருகிறது என்று தெரிந்துகொள்வார்கள்.

தங்கவயல் என்றால் வெளியூர்க்காரருக்குத் தங்கம்தான் நினைவுக்கு வரும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டால் முதலில் சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்வார்கள். டிசம்பர் மாதமாக இருந்தால் ஒயினைப் பற்றியும் சொல்வார்கள். அந்த ஒயின் எந்தக் கடையிலும் கிடைக்காது. வீட்டில் ஊறுவது, வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பது.

பிழைக்க வந்தவர்கள்

1880-ஆம் ஆண்டு லண்டன் நகரத்து ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கத் தொழிலில் இறங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்து ஏழைக் குடும்பங்கள் மூட்டை முடிச்சுடன் வந்து சேர்ந்தன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். சொந்த ஊரில் நிலமும் இல்லாமல் மரியாதையும் இல்லாமல் இருந்தவர்கள். 1894-ல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் பாதை போட்டார்கள். அந்தப் பௌரிங்பேட்டைதான் இன்றைய பங்காருப்பேட்டை. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வந்தது.

வெள்ளைக்காரர்கள் ஒரு பக்கம் பங்களா, கிளப், கோல்ப் மைதானம் என்று வாழ்ந்தார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்க நிபுணர்கள் இருந்தார்கள், இத்தாலிக்காரர்களும் இருந்தார்கள். நடுவில் ஆங்கிலோ இந்தியர் குடும்பங்கள். இன்னொரு பக்கம் தொழிலாளர்களின் மூங்கில் தட்டி வீடுகள். பிற்பாடு வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட லைன் வீடுகள். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,800 அடி உயரம் என்பதால் ஊருக்கு நல்ல குளிர் உண்டு. வெள்ளைக்காரர்கள் இதைச் 'சின்ன இங்கிலாந்து' என்று அழைத்தது அந்தக் குளிரை வைத்துத்தான். லைன் வீட்டுக்காரர்கள் அப்படி அழைத்ததில்லை.

சாப்பாடும் அப்படியே பிரிந்து கிடந்தது. தொழிலாளியின் வீட்டில் கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு, கீரை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி. கறி வாங்க முடியாவிட்டால் போட்டி அல்லது கால் பாயா. பங்களாவில் ரோஸ்ட்டும் புட்டிங்கும்.

பங்களாவிலிருந்து லைனுக்கு

இரண்டு அடுப்புக்கும் இடையே போய்வந்தவர்கள் பட்லர்களும் ஆயாக்களும். அவர்களும் தமிழர்களே. துரைசானி சொல்லிக் கொடுத்ததை இவர்கள் மிளகாயும் மல்லியும் சேர்த்துச் சமைத்தார்கள். இவர்கள் வைத்த மிளகு ரசத்தை அவர்கள் 'பெப்பர் வாட்டர்' என்று சொல்லிக் குடித்தார்கள். நம் 'மிளகுத் தண்ணி' தான் ஆங்கில அகராதியில் 'மல்லிகட்டானி' என்று போய் உட்கார்ந்திருக்கிறது.

ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை விசேஷம் மஞ்சள் சோறும் 'பால் கறி'யும். வெளியூர்க்காரர்கள் பால் ஊற்றிச் சமைத்தது என்று நினைத்துவிடுவார்கள். பால் என்றால் இங்கே பந்து. கொத்துக்கறியை மசாலாவுடன் உருட்டிக் குழம்பில் போடுவது. நம் கோலா உருண்டைக்குச் சொந்தக்காரன். மஞ்சள் சோறு தேங்காய்ப் பாலில் வேக வைத்தது. தொட்டுக்கொள்ள வெங்காயமும் மிளகாயும் வினிகரும் சேர்ந்த 'டெவில் சட்னி'. முன்பு உருண்டைக்கு மாட்டுக்கறிதான் வழக்கம். கர்நாடகத்தில் 2021 முதல் பசுவதைத் தடைச் சட்டம் கடுமையானபின், ஆட்டுக்கறியோ கோழியோ போட்டு உருட்டுகிறவர்கள் உண்டு. ஏழை வீட்டுக்கு அந்த விலை வித்தியாசம் சின்ன விஷயமல்ல.

தங்கவயலில் பிறந்து வளர்ந்து பெங்களூரில் குடியேறிய பிரிட்ஜெட் வைட்-குமார் என்ற எழுத்தாளர் இந்தச் சமையலைப் பல புத்தகங்களாக எழுதி வைத்திருக்கிறார். தங்கவயல் வாழ்க்கையின் நினைவுகளையும் தனிப் புத்தகமாக எழுதியிருக்கிறார். ஆனால் லைன் வீட்டுப் பெண்கள் எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் செய்பவர்கள் அல்ல. ஒயின் போடுவதும் பட்லர் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் கைக்கணக்காகவே வந்து சேர்ந்தது.

ஜாடியின் கணக்கு

கணக்கு கடினமானதல்ல. ஒரு கிலோ கறுப்புத் திராட்சை. கிட்டத்தட்ட அதே எடைக்குச் சர்க்கரை. கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீர். ஒரு கைப்பிடி கோதுமை. ஒரு சிட்டிகை ஈஸ்ட். இரண்டு துண்டு பட்டை, நாலைந்து கிராம்பு. திராட்சையைக் கழுவி ஈரம் போக உலர்த்தி, கையால் நசுக்கி ஜாடியில் போட வேண்டும். அலுமினியமும் பித்தளையும் கூடாது. புளிப்பு பட்டால் உலோகம் கெட்டுவிடும்.

திராட்சையிலும் ரகம் உண்டு. தங்கவயல்காரர்கள் வாங்குவது 'பெங்களூர் ப்ளூ' என்ற கறுப்பு ரகம். பெங்களூர், சிக்கபள்ளாப்பூர், கோலார் பக்கத்துத் தோட்டங்களில் விளைவது. தடித்த தோல், நிறையச் சாறு, தூக்கலான புளிப்பு. 2013-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு அந்தக் குறியீடு வந்தது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 2023-ல்.

ஜாடிக்குள் நடப்பது ஒரு சின்னத் தொழிற்சாலை வேலை. ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத உயிர். திராட்சைத் தோலிலேயே கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1857 முதல் வெளியிட்ட ஆராய்ச்சிகளில் இதை விளக்கினார். வாயு வெளியேற வழி வேண்டும் என்பதால்தான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டுகிறார்கள். இறுக மூடினால் ஜாடி வெடித்துவிடும். தினமும் கிளறுவதற்கும் காரணம் இருக்கிறது. திராட்சைத் தோல் மேலே மிதந்து காயும். காய்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கரண்டியில் ஈரம் இருந்தாலும் கெட்டுவிடும். ஒயினுக்குப் பதில் வினிகர்தான் மிஞ்சும்.

கோதுமை ஈஸ்டுக்குத் தீனி. சாராயம் ஓர் அளவுக்கு மேல் ஏறினால் ஈஸ்ட் தானே அடங்கிவிடும். இருபத்தொன்றாம் நாள் மெல்லிய துணியில் வடிகட்டுகிறார்கள். கலங்கலாக இருந்தால் முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவார்கள். அது கசடைச் சேர்த்துக்கொண்டு அடியில் படியும். நிறம் போதாவிட்டால் கொஞ்சம் சர்க்கரையைக் கருக்கிச் சேர்ப்பார்கள். பிறகு பாட்டிலில் ஊற்றி ஆடாமல் அசையாமல் வைக்க வேண்டும்.

தங்கவயலில் அது அவ்வளவு சுலபமாக இருந்ததில்லை. சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்குள் பாறை வெடித்தால் மேலே வீடுகளும் அதிரும். அலமாரியில் இருக்கும் பாத்திரங்கள் உருளும். காற்றடிக்கும் மாதங்களில் சயனைட் மேடுகளிலிருந்து மாவுபோலத் தூசி கிளம்பி வந்து சோற்றிலும் படியும். தங்கம் எடுத்தபின் மிஞ்சிய மண்தான் அந்த மேடுகள். ஆகவே ஜாடி உயரத்தில் இருக்கக் கூடாது, தரையில் இருக்க வேண்டும். வாய்த்துணி ஒன்றுக்கு இரண்டாக இருக்க வேண்டும் என்பது இந்த ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாத பாடம்.

சாராயக் கடையும் வீட்டு ஜாடியும்

இந்த ஒயினைப் பற்றி எழுதும்போது இன்னொன்றை மறைக்க முடியாது. குடி இந்த ஊரை நிறையவே அழித்திருக்கிறது.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூவாயிரம் மீட்டரையும் தாண்டிய ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியசுக்கு மேல். எட்டு மணி நேரம் அதில் வெந்துவிட்டு மேலே வருகிற மனிதன் உடல் வலிக்கு மருந்து தேடினான். கடை பக்கத்திலேயே இருந்தது. சம்பள நாளில் ஒரு பக்கம் கடன்காரன், மறு பக்கம் சாராயக் கடை. இரண்டையும் தாண்டி வீடு வந்து சேர்ந்த ரூபாய்தான் குடும்பத்துக்கு. பிந்தைய ஆண்டுகளில் பிளாஸ்டிக் பாக்கெட்டில் சாராயம் வந்தது. சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வசதியாகப் போயிற்று. 2007 ஜூலை முதல் தேதி கர்நாடகத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. மற்ற மதுக்கடைகள் இருக்கவே செய்கின்றன.

இதை எதிர்த்த குரலும் இந்த மண்ணிலேயே எழுந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவருடைய எழுத்துக்களைப் புத்தகங்களாக அச்சிட்டு வெளியிட்டது தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை. பஞ்சசீலத்தின் ஐந்தாவது சீலம் மது அருந்தாமை. சுரங்கத் தொழிலாளி மானத்தோடு நிமிர வேண்டுமானால் முதலில் கள்ளையும் சாராயத்தையும் விட வேண்டும் என்ற பேச்சு தங்கவயல் பௌத்தர்களுக்குப் புதிதல்ல. கிறிஸ்தவர்களிலும் மது கூடவே கூடாது என்கிற சபைகள் உண்டு. அந்த வீடுகளில் திராட்சையைக் கொதிக்க வைத்து, புளிக்க விடாமல், சாறாகவே வைத்துக்கொள்வார்கள்.

அப்படியானால் வீட்டு ஜாடி எந்தக் கணக்கில் சேரும்? கடையில் குடிப்பது ஆண்கள். வீட்டு ஜாடியின் சாவி பெண்கள் கையில். கடையில் காசு இருக்கும்வரை ஊற்றுவார்கள். வீட்டில் சின்னக் கிளாசில் ஒரு அளவு, அதற்குமேல் இல்லை. கடையில் உடனே கிடைக்கும். இங்கே இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். சம்பளத்தைக் குடித்தே தீர்த்த புருஷனுடன் வாழ்ந்த பெண்மணியும் டிசம்பர் மாதத்தில் ஜாடி வைப்பதுண்டு. நடுநிசிப் பூசை முடிந்து வரும் குடும்பத்துக்கு அவள் கையால் அளந்து கொடுக்கும் ஒயின் அது. குடிக்கிற மனிதனையும் அந்த ஒரு இரவு மேசை முன் மரியாதையாக உட்கார வைக்க அதனால் முடிந்திருக்கிறது.

அதற்காக இதைப் பெரிய சீர்திருத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஜாடி ஒயின் குடித்து யாரும் கடைக்குப் போவதை நிறுத்திவிடவில்லை. குடி மறக்க முயலும் மனிதன் இருக்கிற வீட்டில் ஜாடி வைக்காமலே விட்டுவிடுகிற பெண்களும் இருக்கிறார்கள். அதுவும் அவர்கள் எடுக்கும் முடிவுதான்.

தட்டு போகும் வழி

ஒயின் தனியாக வருவதில்லை. டிசம்பர் இரண்டாவது வாரம் கல்கல் உருட்டும் வேலை தொடங்கும். மைதா, முட்டை, தேங்காய்ப் பால், சர்க்கரை சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக்கி, புதுச் சீப்பின் பல்லிலோ முள் கரண்டியிலோ வைத்து அழுத்திச் சுருட்ட வேண்டும். ஒரு வீட்டு ஆட்கள் போதாது. பக்கத்து வீட்டு இந்துப் பெண்ணும் எதிர்வீட்டு முஸ்லிம் பெண்ணும் வந்து உட்காருவார்கள். ஊர்க்கதை அத்தனையும் அன்று உருளும். மறுநாள் அச்சு முறுக்கு; ஆங்கிலோ இந்தியர் அதை 'ரோஸ் குக்கி' என்பார்கள். கேக் மாவைக் கலந்து தகர டின்னில் ஊற்றி, பேரை எழுதி ஒட்டி, பேக்கரி அடுப்புக்குத் தூக்கிப் போய்ச் சுட்டு வாங்கி வருவதும் உண்டு.

பண்டிகை அன்று காலையில் தட்டுகள் புறப்படும். மேலே வெள்ளைத் துணி மூடியிருக்கும்.

"அக்கா, அம்மா கொடுத்தனுப்பினாங்க. உங்களுக்கு இஞ்சி ஒயினு, அண்ணனுக்குத் திராட்சை ஒயினு."

"இரு கண்ணு, தட்டைக் காலியா கொண்டு போகாதே."

தட்டு காலியாகத் திரும்பக் கூடாது என்பது வழக்கம். ஒரு கைப்பிடி சர்க்கரையாவது, இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் அனுப்புவார்கள். பொங்கலுக்கு அங்கிருந்து தட்டு வரும். ரம்ஜானுக்கு எதிர்வீட்டிலிருந்து வரும். ஆடி மாதம் மாரியம்மன் கூழ் சொம்பில் வரும். மது தொடாத வீடு எது, எந்த வீட்டில் என்ன கறி ஆகாது என்பதெல்லாம் அனுப்புகிறவர்களுக்கு மனப்பாடம். அதற்காகவே இஞ்சி ஒயின். இஞ்சியைத் தட்டிச் சர்க்கரையுடன் கொதிக்க வைத்து எலுமிச்சை பிழிவது. பெயர்தான் ஒயின், போதை கிடையாது. குழந்தைகளுக்கும் அதுதான்.

இந்தப் பரிமாற்றத்தில் காசு நுழைவதில்லை. விற்க ஆரம்பித்தால் அரசாங்க உரிமம் வேண்டும் என்பது ஒரு பக்கம். விற்றால் அது வேறு பொருளாகிவிடும் என்பது இன்னொரு பக்கம்.

சுரங்கம் மூடிய பின்

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய அரசுக்குப் போயின. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. தங்கத்தின் அளவு குறைந்தது, செலவு ஏறியது. 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்த ஊர் அது. எடுத்தவர்களின் லைன் வீடுகளில் ஒரு குந்துமணிகூட மிஞ்சவில்லை என்றால் மிகையில்லை.

அன்று முதல் தங்கவயலுக்குச் சம்பளம் ரயிலில் வருகிறது. ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் வண்டியேறி, நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெங்களூரில் கட்டட வேலைக்கும், கடைக்கும், ஆஸ்பத்திரிக்கும், கம்ப்யூட்டர் கம்பெனிக்கும் போய்விட்டு இருட்டிய பின் திரும்புகிறார்கள். மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டம் ஏறுகிறது. பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் நிற்கவும் இடம் இருக்காது. பெண்களும் அந்தக் கூட்டத்தில் நிறைய இருக்கிறார்கள்.

இதில்தான் ஜாடிக்கு ஆபத்து வந்திருக்கிறது. திராட்சை விலையோ சர்க்கரை விலையோ பிரச்சினை அல்ல. இருபத்தொரு நாள் தொடர்ந்து வீட்டில் ஓர் ஆள் வேண்டும். முன்பு பாட்டி இருந்தாள், மாமியார் இருந்தாள். இன்று பாட்டி தனியாக இருக்கிறாள். மகன் ஓசூரிலோ பெங்களூரிலோ வாடகை வீட்டில் இருக்கிறான். அங்கே குளிர்சாதனப் பெட்டி உண்டு, ஜாடி வைக்க மூலை இல்லை. மாடி வீட்டுக்காரர் வாசனையைக் கேட்டு என்னவென்று விசாரிப்பார் என்ற தயக்கமும் உண்டு. நந்தி மலைப் பக்கத்து ஒயின் பெங்களூர்க் கடைகளில் வரிசையாக இருக்கிறது. ஒரு பாட்டில் வாங்கினால் வேலை முடிந்தது.

ஆனாலும் வேலை முடிந்துவிடவில்லை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நவம்பர் மாதம் பெங்களூர் மார்க்கெட்டில் திராட்சை வாங்கி, நசுங்காமல் மடியில் வைத்துக்கொண்டு மாலை வண்டியில் வருகிறவர்களைப் பார்க்கலாம். வீட்டில் பாட்டிக்குக் கை நடுங்கினாலும் கரண்டியைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. அவளால் முடியாத வீடுகளில் ரயிலுக்குப் போகிறவளே பத்து நிமிடம் முன்னதாக எழுந்து கிளறிவிட்டுப் போகிறாள்.

டிசம்பர் 26-ஆம் தேதி காலை வண்டியிலும் ஒரு காட்சி உண்டு. பண்டிகைக்கு வந்தவர்கள் பெங்களூருக்குத் திரும்புகிறார்கள். துணிப்பையில் பழைய வேட்டியால் சுற்றிய பாட்டில் ஒன்று இருக்கும். பக்கத்தில் கல்கல் டப்பா. பையை மேலே பலகையில் வைக்க மாட்டார்கள். மடியிலேயே வைத்துக்கொண்டு உட்காருவார்கள். கூட்டத்தில் யாராவது இடித்தால், "பாத்துங்க அண்ணே, அம்மா கொடுத்தது" என்பார்கள். இடித்தவரும் தங்கவயல்காரராகத்தான் இருப்பார். கொஞ்சம் தள்ளி நின்று இடம் விடுவார்.